ஏலக்காய் போல அடுக்கிய மூட்டைகள்

மேகமலை எஸ்டேட்டில் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் வாசலில் முதல் லோடு மரத்தூள் குச்சி இறங்கியபோது, கொழுந்து எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் லாரியைச் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி மூட்டையின் தையலைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். சாக்பீஸை ஒடித்துப் போட்டதுபோல் துண்டு துண்டாக, வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது.

"ஏத்தா, இது மாட்டுத் தீவனமில்ல?"

"குவாட்டர்ஸ்காரகளுக்கு மாடு ஏதுடி? அவுகளுக்கே தீவனமா இருக்கும்."

"டீச்சர், எங்களுக்கும் ரெண்டு மூடை சொல்லுங்க. வீட்டுல எம் புருசன் சும்மாதான் கெடக்காரு, ஊற வச்சுப் போடுறேன்."

டீச்சர் என்றது என் மனைவியை. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் வேலை. நான் மதுரையில் ஒரு பத்திரிகையின் செய்தி மேசையில் சில வருஷம் இருந்துவிட்டு, அதை விட்டு, அவளோடு மலையில் வந்து தங்கியிருந்தேன். கட்டுரைகளை எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்புவேன். ஊரெல்லாம் செல்போன் வந்துவிட்டது. எங்கள் வளைவில் மட்டும் சிக்னல் கிடையாது.

காட்டு விறகுக்குக் கெடுபிடி வந்த வருஷம் அது. அதுவரை எல்லா வீட்டிலும் குளிர்காலத்துக்குக் காட்டு விறகுதான். இனி காட்டுக்குள் கோடரியோடு போனால் கேஸ் என்று ஆனதும், நிர்வாகம் வேறு வழி தேடியது. தேனிப் பக்கம் ஒரு மில்லில் அறுவைப் பட்டறைத் தூளை அமுக்கிக் குச்சியாக்கி மூட்டை கட்டி விற்றார்கள். எஸ்டேட் பட்டறையிலேயே தகரத்தில் கணப்பு அடுப்பு செய்து, ஜன்னல் வழியாகப் புகைக்குழாய் விட்டு, வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். இரண்டு கைப்பிடி குச்சியைப் போட்டால் முன்அறை வெகுநேரம் கதகதவென்று இருக்கும். விறகைவிடச் சுத்தம். புகையும் குறைவு.

"ஈரம் மட்டும் ஆகாது, பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்காரர்கள் போனார்கள். மலையில் ஈரம் மழையாக மட்டும் வருவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. முதல் லோடைப் பின்வாசல் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தோம். மேலே கூரை இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. ஆனால் மூடுபனி பக்கவாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது. கொஞ்ச நாளில் மூட்டைகள் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி உப்பின. தையல் விட்டது. உள்ளே குச்சி இல்லை, ஈரத் தூள்தான் இருந்தது. அழுத்திச் செய்ததெல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுக்காரர். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். பண்ணைப்புரத்துக்காரர். எஸ்டேட்டின் ஏலக்காய் ஸ்டோர் அவர் பொறுப்பில் இருந்தது. ஸ்டோர் என்றால் பச்சைக் காயைச் சூட்டில் உலர்த்தி, உலர்ந்ததை விலை வரும்வரை பத்திரமாக வைத்திருக்கும் கட்டடம். உலர்ந்த காயில் கொஞ்சம் காற்றுப் பட்டாலும் ஈரம் இழுத்துப் பச்சை வெளுத்துவிடும். பச்சை வெளுத்தால் விலை போகாது. அதனால் அவர் வேலை முழுவதும் காற்றோடு சண்டை போடுவதுதான்.

"தம்பி, இப்பிடியா வைப்பாக? ஒரு சாமானை வைக்கிறதுன்னா காயை வைக்கிற மாதிரி வைக்கணும். அடுத்த லோடு வரட்டும், நான் வந்து அடுக்கித் தர்றேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். அவர் வீட்டுப் பின்னறையில் சுவர் கசிந்தது. எங்கள் பின்னறை காய்ந்து கிடந்தது. ஆகவே இரண்டு வீட்டுப் பங்கும் எங்கள் பின்னறையில் என்று முடிவானது. அந்த அறைக்கு வாசல் எங்கள் படுக்கையறையிலிருந்துதான். வெளிப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல், மேலே ஒரு காற்றோட்டத் துளை. அவர் ஜன்னலைக் கருப்புப் பாலித்தீன் தாளால் மூடி, நான்கு ஓரமும் மெல்லிய மரச்சட்டம் வைத்து ஆணி அடித்தார். துளையில் கோணியை அடைத்தார். சுவர் முழுக்கத் தாள், தரையில் பலகை, பலகைமேல் தாள், தாளின்மேல் மூட்டை. மில்லிலிருந்து நேராக வந்த சரக்கு, தொட்டால் இன்னும் லேசாகச் சுட்டது. கூரைவரை அடுக்கினார். ஒரு மூட்டைக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் விரல் போகாது.

"ஈரம் ஏறுறதுக்கு முன்னாடி அடைச்சிரணும். உள்ள போனா கதவைச் சாத்திக்கிட்டுத்தான் எடுக்கணும். வெளிய வந்தா உடனே சாத்தணும். எங்க ஸ்டோர்ல எவனாச்சும் கதவைத் தொறந்து போட்டா அன்னைக்கே அவன் சீட்டக் கிழிச்சிருவேன்."

எங்களுக்குத் திருப்தியாக இருந்தது. குச்சி ஒரு துண்டுகூட உப்பவில்லை.

அப்போது என் மனைவிக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. முந்தின வருஷம் இதே ஐந்தாம் மாதத்தில் ஒன்று கலைந்திருந்தது. சின்னமனூரிலிருந்து மேலே வரும் சாலையில் பஸ் குலுக்கிய குலுக்கல்தான் காரணம் என்று என் மாமியார் உறுதியாகச் சொன்னார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. இந்த முறை ஏழாம் மாதம்வரை அந்தச் சாலையில் இறங்கவே வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே மலையிலேயே இருந்தோம்.

மூட்டைகள் வந்த பிறகு ஒரு காலையில் தலைவலி என்றாள். அடுத்த நாளும் சொன்னாள். எழுந்து உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்தது. குமட்டல் நின்றுபோயிருந்த மாதத்தில் மறுபடி குமட்டியது. டிஸ்பென்சரி நர்ஸ் பார்த்துவிட்டு ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். நான் கவனித்தது இன்னொன்று. பள்ளிக்கூடம் போனால் மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். வீடு திரும்பி இரவு படுத்து எழுந்தால் மறுபடி வரும். ஞாயிற்றுக்கிழமைதான் மோசம்.

வீட்டில் ஏதோ இருக்கிறது என்று பட்டது. முதலில் கணப்பு அடுப்பைச் சந்தேகப்பட்டேன். குழாயில் எங்காவது புகை கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். பிறகு அடுப்பையே அணைத்து வைத்தோம். குளிரில் ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தாள். தலைவலி நிற்கவில்லை.

அடுத்தது குச்சி. பிளைவுட் தூளில் பசை, ரசாயனம் என்று எதையாவது கலந்திருப்பார்கள் என்ற எண்ணம் எனக்கு வலுவாக இருந்தது. பின்புறம் கல்மேல் ஒரு கைப்பிடி வைத்துக் கொளுத்தி முகர்ந்தேன். சவுக்கு மரம் எரியும் வாசனைதான் வந்தது. ஒரு நாள் கட்டுரை கொடுக்கத் தேனிக்குப் போனவன், அப்படியே அந்த மில்லுக்கும் போனேன். மில்லுக்காரர் வெள்ளைச் சட்டையில் தூள் படிந்து உட்கார்ந்திருந்தார்.

"இதுல பசை என்ன போடுறீங்க?"

"பசையா? பசைக்குக் காசு யாருண்ணே குடுக்குறது? அமுக்குற அமுக்குல அதுவாத்தான் ஒட்டிக்கிரும். ஏண்ணே, எரியலையா?"

"எரியுது. வேலை செய்யறவங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் வரலையே?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எந்த ஆபீஸ்லேருந்து வந்திருக்கீக?"

ஆபீஸ் இல்லை என்றேன். நம்பவில்லை. டீ வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அவர் டீ வாங்கிக் கொடுத்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மில் கொட்டகையில் மூட்டைகள் மலைபோல் குவிந்திருந்தன. மேலே தகரம் மட்டும்தான், நான்கு பக்கமும் சுவர் இல்லை, வைகைக் காற்று குறுக்கே அடித்துக்கொண்டு போனது. சுவருக்குக்கூடச் செலவழிக்காத ஆள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வீட்டுக்குள் வந்துபோகிற வெளியாள் ஒருவர்தான். ஸ்டோர்க்காரரின் மனைவி. என் மனைவி அவரை அக்கா என்பாள், நானும் அப்படியே. தங்கள் பங்குக் குச்சியை எடுக்கத் தினமும் ஒரு தகர டின்னோடு வருவார். படுக்கையறையைத் தாண்டிப் பின்னறைக்குள் போய், புருஷன் சொன்னபடி கதவைச் சாத்திக்கொண்டு, டின்னை நிரப்பிக்கொண்டு வருவார். வரும்போது வெறுங்கையோடு வரமாட்டார். அவித்த மரவள்ளிக் கப்பையும் மிளகாய்ச் சட்னியும், ஒரு நாள் மீன் குழம்பு, ஒரு நாள் உளுந்தங்களி.

"டீச்சர், வயித்துல இருக்கிறதுக்கு வஞ்சகம் பண்ணாதீக. வாயைத் தொறங்க."

"அக்கா, காலையிலதான சாப்பிட்டேன்."

"அது நீங்க சாப்பிட்டது. இது உள்ள இருக்கிறவுக சாப்பாடு."

அவருடைய ஒரே மகளைப் பண்ணைப்புரத்திலேயே கட்டிக்கொடுத்திருந்தார். பல வருஷமாகியும் குழந்தை இல்லை. அதை அவரே சொல்வார், ஒளிக்கமாட்டார். "என் மகளுக்குக் கோயிலெல்லாம் ஏறி எறங்கியாச்சு. உங்களுக்காச்சும் நல்லபடியா வரட்டும்" என்பார்.

இந்த வாக்கியத்தை என் மனைவி போனில் தன் தாயாரிடம் சொல்லியிருக்கிறாள். எஸ்டேட் ஆபீஸ் போனில், நல்லெண்ணத்தோடுதான். கூடவே தலைவலியையும் சொல்லியிருக்கிறாள். இரண்டையும் சேர்த்துக் கேட்ட என் மாமியார் ஜெயமங்கலத்திலிருந்து அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வரும்போது அரிசி, பருப்பு, எண்ணெய், ஒரு கேன் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். மேகமலையில் தண்ணீருக்கா பஞ்சம் என்று கேட்டேன்.

"தண்ணிக்குப் பஞ்சமில்ல மாப்ள. யாரு கைபட்ட தண்ணின்னு தெரியணும்ல."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். சாப்பாட்டில் எதையாவது கலந்து கொடுத்து ஒருவரைக் கெடுப்பதை எங்கள் பக்கம் மருந்து வைப்பது என்பார்கள். அதை வயிற்றிலிருந்து எடுக்கிறோம் என்று சொல்கிற ஆட்களும் உண்டு. எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். பெரியகுளம் பக்கம் அப்படி ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோக வேண்டும் என்றார் மாமியார்.

"அஞ்சாம் மாசம் அத்தை. அந்த ரோட்டுல இறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நீங்களே போன தடவை ரோட்டைத்தான சொன்னீங்க?"

"போன தடவை ரோடு. இந்தத் தடவை அவ. தன் மகளுக்கு இல்லாதது என் மகளுக்கு இருந்தாப் பொறுக்குமா? அவளுக்கோ அவ புருசனுக்கோ தலவலி வந்துச்சா? கேளுங்க. நடுவுல ஒரு செவுருதான இருக்கு. அங்கன ஒண்ணுமில்ல, இங்கன மட்டும் எப்பிடி வருது?"

அது நல்ல கேள்வி. செய்தி மேசையில் யாராவது கேட்டிருந்தால் பாராட்டியிருப்பேன். மருந்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் நம்பிக்கை வேறு, சரிபார்ப்பது வேறு. மறுநாள் அக்கா கொண்டுவந்த மீன் குழம்பில் பாதியைச் சோற்றில் பிசைந்து பின்புறம் எஸ்டேட் நாய்க்கு வைத்தேன். நாய் தின்றதை நின்று பார்த்தேன். நிமிர்ந்தபோது வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கிளிப்பை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகும் டின்னோடு வந்தார். சாப்பாடு கொண்டுவரவில்லை.

மாமியார் காவலுக்கு உட்கார்ந்தார். கட்டிலில் மகள். கட்டிலுக்கும் பின்னறைக் கதவுக்கும் நடுவே தரையில் பாய் விரித்து இவர். நான் வழக்கம்போல முன்அறையில் எழுதுவதும் படுப்பதும். "எவ வந்தாலும் என்னைத் தாண்டித்தான போகணும்" என்று தலையைக் கதவுப் பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டார். அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி உண்டு.

மறுநாளே காலையில் மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கண் சிவந்திருந்தது. வாசலுக்கு வந்து ஓங்கரித்தார். மண்டையைப் பிளக்கிறது என்றார்.

எனக்கு அங்கேதான் கணக்கு இடித்தது. இவர் அந்த வீட்டுச் சாப்பாடு ஒரு பருக்கை தொடவில்லை. தண்ணீர்கூட ஜெயமங்கலத்துத் தண்ணீர். மகளுக்கு வந்த அதே தலைவலி இவருக்கும் வந்திருக்கிறது.

"அத்தை, அப்ப சாப்பாடு இல்லைன்னு ஆயிருச்சுல்ல?"

"அதான மாப்ள நானும் சொல்றேன். பச்சத் தண்ணி கூடக் குடிக்கல. அதுக்கே இப்பிடி. கதவுலயோ நெலையிலயோ எதையோ தடவிட்டுப் போயிருக்கா. சாதாரண ஆளு இல்ல அவ."

சாப்பாட்டைச் சாட்சியிலிருந்து எடுத்ததும் கதவு சாட்சிக்கு வந்துவிட்டது. சந்தேகம் தோற்பதே இல்லை, இடம் மட்டும் மாறும். ஆனால் அன்று நானும் அறையைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் படுத்த இருவருக்கும் வருகிறது. முன்அறையில் படுக்கிற எனக்கு வரவில்லை. பின்னறையைப் பற்றி மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. அங்கே எதுவும் எரியவில்லை. எந்த வாடையும் இல்லை. மரவாசனை மட்டும் லேசாக, இதமாக இருந்தது.

மாமியார் யாரையும் கேட்காமல் எஸ்டேட் ஜீப் டிரைவரைப் பார்த்துப் பேசிவிட்டார். மறுநாள் காலை மகளைக் கூட்டிக்கொண்டு பெரியகுளம் போவதாக முடிவு. நான் முடியாது என்றேன். என் மனைவி இரண்டு பேரையும் பார்த்தாள். அவளுக்குத் தலையைத் தூக்கிப் பேசவே முடியவில்லை. "எதையாவது பண்ணி இந்த வலிய நிப்பாட்டுங்க" என்றாள். "பிள்ளை நேத்துலேருந்து அசைய மாட்டேங்குது" என்றும் சொன்னாள். அதற்குமேல் என்னால் உறுதியாக மறுக்க முடியவில்லை.

காலையில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது. மாமியார் பையோடு தயாராக நின்றார். அந்த நேரத்தில்தான் அக்கா டின்னோடு வந்தார்.

"ஊருக்கா டீச்சர்? இந்த ரோட்டுலயா?"

"நாங்க எந்த ரோட்டுல போனா யாருக்கென்ன" என்றார் மாமியார்.

"அம்மா பேச்சை விடுங்க, நீங்க எடுத்துட்டுப் போங்கக்கா" என்றாள் என் மனைவி.

அக்கா பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முன்வரிசை மூட்டைகள் தீர்ந்திருந்தன. இப்போது சந்துக்குள் நுழைந்து, குனிந்து, அடியில் கிடப்பதை இழுக்க வேண்டும். குச்சி டின்னில் விழும் சத்தம் கேட்டது. பிறகு டின் உருண்ட சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

மாமியார் கதவில் காதை வைத்தார். நான் கதவைத் தள்ளப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க மாப்ள. உள்ள என்னமோ பண்றா. கையும் களவுமாப் பிடிப்போம்."

நானும் நின்றேன். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கதவில் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவிதான் எழுந்து வந்து எங்களை விலக்கிக் கதவைத் திறந்தாள்.

அக்கா மூட்டைகளுக்கு நடுவில் பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. முகத்தில் ஒரு பக்கம் தூள் ஒட்டியிருந்தது.

"நடிக்கிறா. தொடாதீக" என்றார் மாமியார்.

என் மனைவி அதற்குள் உள்ளே போய்க் குனிந்துவிட்டாள். அவள் தோளைப் பிடித்து வெளியே இழுத்து விட்டுவிட்டு நான் நுழைந்தேன். அக்காவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினேன். நல்ல உடம்பு அவருக்கு. சந்திலிருந்து இழுப்பதற்குள் எனக்கு முழங்கால் தளர்ந்தது. காதுக்குள் ஏதோ அடித்தது. படுக்கையறை தாண்டி, முன்அறை தாண்டி, வாசல் புல்லில் போட்டோம். மலைக்காற்று முகத்தில் அடித்தது. வெகுநேரம் கழித்து அக்கா கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தார்.

பெரியகுளத்துக்கு என்று வந்த ஜீப் இருவரையும் ஏற்றிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போனது. அக்காவுக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். என் மனைவிக்கும் வைத்தார்கள். சாயங்காலம் பிள்ளை அசைந்தது என்றாள். நான் டிஸ்பென்சரி வாசலில் போய் நின்றுகொண்டேன்.

எஸ்டேட்டுக்கு முறை வைத்து வருகிற டாக்டர் அடுத்த நாள் வந்து பின்னறையைப் பார்த்தார். உள்ளே நுழையாமல் வெளியிலிருந்து ஜன்னல் தாளைக் கிழிக்கச் சொன்னார். ஸ்டோர்க்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"கரிச்சட்டியை வச்சு ரூமைப் பூட்டிப் படுத்தா என்னாகும்?" என்று டாக்டர் அவரைக் கேட்டார்.

"செத்துப் போவாக. கூலி லைன் வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும் சார்."

"அதே காத்துதான் இது. புதுசா அமுக்கின மரத்தூளைக் குவிச்சு மூடி வச்சா, எரியாமலே கொஞ்சம் கொஞ்சமா அந்தக் காத்து வரும்னு படிச்சிருக்கேன். வாடை இருக்காது. இதுதான்னு அளந்து சொல்ல என்கிட்ட கருவி இல்ல. ஆனா வேற எதுவும் பொருந்தல."

"காயை இப்பிடித்தான சார் காலங்காலமா வைக்கிறோம்? யாருக்கு என்ன ஆச்சு?"

"காய் வேற, இது வேற."

ஸ்டோர்க்காரர் கிழிந்த தாளைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். நல்லது செய்ய வந்து பழி சுமந்ததுபோல் இருந்தது அவர் நடை. மூட்டைகளை வெளியே நான்கு கால் கொட்டகையில் போட்டோம். அந்த வருஷச் சாரலில் பாதி மறுபடி தூளாகிப் போனது.

பின்னறை திறந்த நாளிலிருந்து என் மனைவிக்குத் தலைவலி வரவில்லை. எனக்கு அதுவே போதுமான சான்று. மாமியாருக்கும் போதுமான சான்று இருந்தது.

"பாத்தீகளா மாப்ள? அவ வர்றது நின்னுச்சு, என் மகளுக்குச் சரியாப் போச்சு."

இரண்டும் ஒரே நாளில் நின்றவை. எது எதனால் என்று அவரிடம் பிரித்துக் காட்ட எனக்கு வழியில்லை. டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "டாக்டருக்கு இதெல்லாம் என்ன தெரியும், பாவம் வடக்க இருந்து வந்தவுக" என்றார். பெரியகுளத்துப் பயணத்தை மட்டும் கைவிட்டார். அது எனக்குப் பெரிய விஷயம்.

அக்கா அதன்பிறகு எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. அவர்கள் பங்கு மூட்டைகளை ஸ்டோர்க்காரரே ஆள் வைத்து எடுத்துப் போனார். என் மனைவி இரண்டு முறை போய்ப் பார்த்தாள். நன்றாகப் பேசினார், டீ கொடுத்தார், உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டுப் பேச்சு வந்தால் அடுப்பைப் பார்க்க எழுந்துபோனார். பாதி திறந்த கண்ணோடு உள்ளே கிடந்தபோது அவருக்கு எவ்வளவு கேட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கேட்கவும் முடியவில்லை.

ஏழாம் மாதம் பிறந்ததும் ஜீப்பை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டச் சொல்லி, மெத்தை போட்டு, என் மனைவியை ஜெயமங்கலத்துக்கு இறக்கினோம். நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. அந்த அறைதான் காரணமா என்று தேனி டாக்டரைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இல்லையென்று சொல்லவில்லையே என்று அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு குழந்தை தேறிவிட்டது.

லீவு முடிந்து மலைக்குத் திரும்பியபோது குழந்தைக்குக் கழுத்து நின்றிருந்தது. மாமியார் கூட வரவில்லை. பஸ் வந்த சத்தம் கேட்டு லைன் பெண்கள் எல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே இருந்தது குழந்தை. எல்லாரும் போன பிறகு அக்கா வந்தார். வாசல்படிக்குக் கீழேயே நின்றார். சால்வையை நன்றாகப் போர்த்தியிருந்தார்.

"டீச்சர் மாதிரியே இருக்கா. மூக்கு மட்டும் தம்பி மூக்கு."

"வாங்கக்கா உள்ள. பிடிங்க பிள்ளையை" என்று என் மனைவி குழந்தையை நீட்டினாள்.

"வேணாம் டீச்சர். இங்கனயே நின்னு பாத்துக்கிறேன்."

"என்னக்கா இது? லைனே தூக்கிக் கொஞ்சிட்டுப் போயிருக்கு."

"அவுக தூக்கலாம். நாளைக்கே பிள்ளைக்குக் காச்ச வந்தா, அவுகளையா சொல்லுவாக?"

"அம்மா வரலைக்கா. அவுக ஊருல இருக்காக."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக இல்லாட்டி என்ன டீச்சர். தம்பி இருக்காகல்ல, பாத்துக்கிட்டு."

என் மனைவி கையை மடக்கவில்லை. குழந்தையை நீட்டியபடியே படியில் நின்றாள். நான் எழுந்து முன்அறைக்குள் போனேன். நான் போன பிறகாவது வாங்குவார் என்று நினைத்தேன். ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அக்கா கைகளைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.